வந்து சேராத எச்சரிக்கை: ஹாட்ச்கிஸ் பள்ளியின் சீனப் பயணமும் நான்கு கோடி டாலர் தீர்ப்பும்

சீனாவின் தியான்ஜின் நகருக்கு வடக்கே காடு மண்டிய மலை ஒன்று இருக்கிறது. பெயர் பான்ஷான். ஏறுவதற்குத் தளம் போட்ட பாதையும் உண்டு, ரோப் காரும் உண்டு. 2007 ஜூனில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள ஹாட்ச்கிஸ் என்ற தனியார் உறைவிடப் பள்ளியின் மாணவர்கள் சீனமொழி கற்கும் கோடைகாலப் பயணத்தின் நடுவே இந்த மலைக்கு வந்தார்கள். உச்சியிலிருந்து பலரும் ரோப் காரில் இறங்க, 15 வயது மாணவி ஒருவரும் அவருடன் இரண்டு மூன்று பேரும் தாங்களாக நடந்து இறங்க விடப்பட்டார்கள். வழியில் தளப் பாதையை விட்டு விலகி, மரமும் புதரும் உரசும் மண் தடத்தில் போனார்கள்.

அந்த மாணவியின் உடலில் நிறையப் பூச்சிக்கடிகள். ஏறத்தாழ பத்து நாள் கழித்துத் தலைவலி, காய்ச்சல், தலைச்சுற்றல். நிலைமை வேகமாக மோசமாகி, உள்ளூர் மருத்துவமனையிலிருந்து பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார்கள். பெற்றோர் பறந்து வந்தார்கள். பிறகு விமானத்தில் நியூயார்க். உண்ணிகளால் பரவும் மூளைக்காய்ச்சல் என்று தெரியவந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் பேச்சு திரும்பவே இல்லை. முகத் தசைகள் மீது முழுக் கட்டுப்பாடும் வரவில்லை. பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியிலும் சேர்ந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2009இல் குடும்பம் பள்ளி மீது வழக்குத் தொடுத்தது. 2013 மார்ச்சில் கூட்டாட்சி நீதிமன்ற ஜூரி, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு, 4 கோடியே 17 லட்சத்து 50 ஆயிரம் டாலர் இழப்பீடு அறிவித்தது. அதில் மருத்துவச் செலவு, வருமான இழப்பு போன்ற பொருளாதார இழப்புக்கு 1 கோடியே 2 லட்சத்து 50 ஆயிரம். வலி, பேச்சிழப்பு, இழந்த வாழ்க்கை ஆகியவற்றுக்கு 3 கோடியே 15 லட்சம். மாணவியின் பங்கில் கவனக்குறைவு இருந்தது என்ற பள்ளியின் வாதத்தை ஜூரி ஏற்கவில்லை. மேல்முறையீடுகள் சுற்றிச் சுற்றி வந்து 2018 பிப்ரவரியில்தான் தீர்ப்பு உறுதியானது.

பள்ளி வழக்குதான். ஆனாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வெளிநாட்டுக் கல்வி அலுவலகங்கள் தங்கள் நடைமுறையை இந்த வழக்கை வைத்துத்தான் உரசிப் பார்க்கின்றன. அதற்குக் காரணம் தொகை மட்டும் அல்ல. ஆபத்து இன்னது என்ற தகவல் நிறுவனத்தின் கைக்குள் இருந்தும், மலையடிவாரத்தில் நின்ற மாணவியிடம் அது எப்படிப் போய்ச் சேராமல் போயிற்று என்பதை இந்த வழக்கின் ஆவணங்களில் படிப்படியாகப் பார்க்க முடிகிறது.

எந்த நோய், எவ்வளவு அரிது

நம் ஊர் மருத்துவமனைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லப்படும் ஸ்க்ரப் டைபஸ் வேறு, இது வேறு. ஸ்க்ரப் டைபஸுக்குக் காரணம் பாக்டீரியா. காலத்தோடு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் குணமாகும். உண்ணிவழி மூளைக்காய்ச்சலுக்குக் காரணம் ஒரு வைரஸ், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதை நேரடியாகக் கொல்லும் மருந்து இல்லை. உடல் தானே மீளும்வரை தாங்கிப் பிடிக்கும் சிகிச்சை மட்டும்தான். கடித்ததிலிருந்து அறிகுறி தோன்ற 4 முதல் 28 நாள் வரை ஆகலாம்.

முன்னெச்சரிக்கை எழுதுகிறவர்கள் பலர் தவறவிடும் ஒரு நுணுக்கம் இங்கே இருக்கிறது. உண்ணியால் பரவும் லைம் நோயில், உண்ணி உடலில் ஒட்டிக்கொண்டு பொதுவாக ஒரு நாளுக்கு மேல் இருந்தால்தான் தொற்றும். மாலையில் உடலைச் சோதித்துப் பிடுங்கிப் போட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். இந்த வைரஸோ உண்ணியின் உமிழ்நீரிலேயே இருப்பதால் கடித்த சில நிமிடங்களில் இறங்கிவிடும். ஆகவே இரவுச் சோதனையை மட்டும் நம்ப முடியாது. கடிக்காமல் தடுப்பதுதான் வழி. முழுக்கால் சட்டை, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகுவது, தோலில் 20 விழுக்காட்டுக்குக் குறையாத டீட் கலந்த பூச்சி விரட்டி, துணியில் 0.5 விழுக்காடு பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி, புதர் உரசாத பாதை. அவ்வளவுதான்.

2007இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு உரிமம் பெற்ற தடுப்பூசி கிடையாது. 2021இல்தான் அங்கே ஒப்புதல் கிடைத்தது. ஊசி போட்டிருக்கலாமே என்ற கேள்வி அதனால் இந்த வழக்கில் எழ வழியில்லை. 2000 முதல் 2009 வரை அமெரிக்கப் பயணிகளிடம் பதிவான நோயாளிகள் மொத்தம் 5 பேர். சீனாவில் இந்த நோய் தொற்றிய முதல் அமெரிக்கப் பயணி இந்த மாணவிதான். பள்ளியின் வலுவான வாதமே இதில்தான் இருந்தது. பத்து ஆண்டில் ஐந்து பேருக்கு வந்த நோயை ஒரு பள்ளி எப்படி முன்கூட்டியே நினைத்துப் பார்க்கும்?

தகவல் நின்றுபோன இடங்கள்

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இணையப் பக்கத்தில், வடகிழக்குச் சீனாவின் காட்டுப் பகுதிகளில் உண்ணிவழி மூளைக்காய்ச்சல் உண்டு, பூச்சிக்கடியைத் தவிர்த்தால் தடுக்கலாம் என்று எழுதியிருந்தது. பள்ளியில் பன்னாட்டுத் திட்டங்களைக் கவனித்த அலுவலர் பயணத்துக்கு முன் அந்த மையத்தின் பக்கங்களைப் பார்த்திருந்தார். தகவல் நிறுவனத்துக்குள் வந்துவிட்டது.

பெற்றோருக்கு மருத்துவ ஆலோசனை மின்னஞ்சல் போனது. அதில் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்கான இணைப்பும் இருந்தது. ஆனால் அந்த இணைப்பு சீனாவுக்கானது இல்லை, மத்திய அமெரிக்காவுக்கானது. சொடுக்கிப் படித்த பெற்றோருக்கும் சீனாவின் காட்டு உண்ணி பற்றி ஒரு வரி கிடைத்திருக்காது. வேறொரு பயணத்துக்கு எழுதிய மடலை எடுத்துத் திருத்தி அனுப்பும் எந்த அலுவலகத்திலும் நடக்கக்கூடிய பிழை இது. அதனாலேயே இதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

அடுத்தது பயண நிரல். பான்ஷான் மலைக்குப் போகிறோம் என்று அதில் இருந்தது. அது காடு என்று இல்லை. மலை என்றதும் படிக்கட்டும் கோயிலும் கடைத்தெருவும் நினைவுக்கு வருகிறவர்கள் இருப்பார்கள். நம்மில் பலருக்குப் பழனியும் திருத்தணியும்தான் நினைவுக்கு வரும். நிலத்தின் இயல்பைச் சொல்லாத இடப்பெயர் எச்சரிக்கை ஆகாது.

எடுத்துவர வேண்டிய பொருள் பட்டியலிலும் பூச்சி விரட்டி இருந்தது, ஆனால் இதர பொருட்கள் என்ற தலைப்பின் கீழ். எதற்காக, எந்த நாளில், எந்த இடத்தில் பூச வேண்டும் என்ற குறிப்பு இல்லை. பள்ளியின் மருத்துவ அறையையே பயண மருத்துவ மையமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பெற்றோரிடம் சொல்லியிருந்தார்கள். அங்கே பயண மருத்துவத்தில் தேர்ச்சி பெற்றவர் யாரும் இல்லை.

கடைசியாக, மலைக்குப் போகும் நாள். உடலை மூடும் உடை போடுங்கள், விரட்டி பூசுங்கள், இறங்கியதும் உண்ணி இருக்கிறதா பாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் அரைக்கால் சட்டையும் டி-ஷர்ட்டுமாக ஏறினார்கள்.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்ன வழுவல். ஐந்தில் ஏதாவது ஒரு கண்ணி பிடித்திருந்தாலும் தகவல் மேற்கொண்டு நகர்ந்திருக்கும். இன்னொன்றும் நெஞ்சை உறுத்துகிறது. லைம் நோய்க்கு அந்தப் பெயர் வந்ததே கனெக்டிகட் மாநிலத்தின் லைம் என்ற ஊரால்தான். 1970களின் நடுவில் அங்கேதான் அந்த நோய் கூட்டமாக அடையாளம் காணப்பட்டது. உண்ணி என்றால் என்ன, புதருக்குள் எப்படிப் போக வேண்டும் என்பதைத் தங்கள் மண்ணிலேயே அறிந்தவர்கள், கடல் கடந்து போனபோது அந்த அறிவைக் கூடவே கொண்டுபோகவில்லை.

சட்டம் இதை எப்படிப் பார்த்தது

கவனக்குறைவு வழக்கில் முதலில் நிறுவ வேண்டியது, எதிர்த்தரப்புக்குக் கவனக் கடமை இருந்ததா என்பது. கனெக்டிகட் சட்டத்தில் இதற்கு இரண்டு படி உண்டு. தீங்கு முன்கூட்டியே அறியத்தக்கதா? அப்படியானால், பொதுக் கொள்கை நோக்கில் அந்தப் பொறுப்பைச் சுமத்துவது முறையா?

முதல் படியைக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் முடித்துவைத்தது. குறிப்பாக இந்த நோய், இந்த மலையில், இந்த வாரத்தில் வரும் என்று அறிந்திருக்க வேண்டியதில்லை. இதே வகைத் தீங்கு, அதாவது பூச்சிக்கடியால் வரும் கடுமையான நோய், அந்த வட்டாரத்தில் வரக்கூடும் என்று அறியும் வாய்ப்பு இருந்ததா என்பதே கேள்வி. வடகிழக்குச் சீனாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல், லைம் நோய், உண்ணிவழி மூளைக்காய்ச்சல் மூன்றும் பேசப்பட்டிருந்த நிலையில், ஜூரி அப்படி முடிவு செய்யச் சான்று போதும் என்றது அந்த நீதிமன்றம். அரிய நோய் என்ற வாதம் இங்கே வலுவிழந்தது.

இரண்டாம் படி மாநிலச் சட்டத்தின் அடிப்படைக் கேள்வி என்பதால், அதைக் கனெக்டிகட் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். 2017 ஆகஸ்டில் பதில் வந்தது. நான்கு கோணத்தில் பார்த்தார்கள். பயணத்தில் பங்கேற்போரின் இயல்பான எதிர்பார்ப்பு என்ன, இத்தகைய பயணங்களை ஊக்குவிக்கும் நோக்கத்தையும் பாதுகாப்பையும் எப்படி எடை போடுவது, வழக்குகள் பெருகுமா, மற்ற மாநிலங்கள் எப்படித் தீர்த்திருக்கின்றன. வயது வராத பிள்ளையைப் பள்ளியின் பொறுப்பில் விடும் பெற்றோர், இத்தகைய ஆபத்தைப் பள்ளி சொல்லும் என்றே எதிர்பார்ப்பார்கள். மலையேற்றத்தை ரத்து செய்யும்படி யாரும் கேட்கவில்லை. கேட்டது ஒரு எச்சரிக்கை, உடை, விரட்டி. நோய் எவ்வளவு அரிது என்பதோடு, தடுப்பதற்கு எவ்வளவு செலவு என்பதையும் தராசில் வைத்தார்கள். செலவு ஏறத்தாழ இல்லாத இடத்தில், அரிது என்பதற்காகக் கடமையைத் தள்ளிவிட முடியவில்லை. வெளிநாட்டுப் பயணம் ஏற்பாடு செய்யும் பள்ளிக்குப் பூச்சிவழிக் கடும் நோய் பற்றி எச்சரிக்கவும் காக்கவும் கடமை உண்டு என்பது தீர்ப்பு. இழப்பீட்டுத் தொகையைக் குறைக்கவும் மறுத்துவிட்டார்கள்.

கையெழுத்து வாங்கிய தாள்

பயணத்துக்கு முன் பொறுப்பு விலக்குப் பத்திரத்தில் பள்ளி கையெழுத்து வாங்கியிருந்தது. வழக்கை விசாரித்த கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் அதை ஒதுக்கிவைத்தது. பள்ளி தன் சொந்தக் கவனக்குறைவிலிருந்தும் விடுபடுகிறது என்று அந்த வாசகம் தெளிவாகச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் பொதுக் கொள்கைக்கு முரண் என்பது காரணம். கனெக்டிகட் உச்ச நீதிமன்றம் 2005இலேயே, பனி மூடிய சரிவில் காற்றடைத்த ட்யூபில் உட்கார்ந்து சறுக்கும் விளையாட்டு மையம் ஒன்றின் வழக்கில் இப்படிப்பட்ட பத்திரம் செல்லாது என்று சொல்லியிருந்தது.

பல அலுவலகங்கள் தங்கள் நேரத்தில் பாதியை இந்தத் தாளுக்கே செலவிடுகின்றன. எங்கள் கருத்தில் அது தவறான இடத்தில் போடும் உழைப்பு. மாநிலத்துக்கு மாநிலம் அதன் பலம் மாறுகிறது. எல்லா ஆபத்துக்கும் நானே பொறுப்பு என்று பொத்தாம்பொதுவாக எழுதிய தாள் எந்த மாணவரையும் காப்பதில்லை. அதற்குப் பதில் ஆபத்தை அறிந்து ஒப்புதல் தரும் படிவத்தை எழுதலாம். அதில் இடம், செயல், ஆபத்து, தடுப்பு ஆகிய நான்கும் பெயர் சொல்லி இருக்க வேண்டும். ஜூன் 23 அன்று காட்டு மலையில் நடை, உண்ணிவழி நோய்களுக்கு வாய்ப்பு, முழு உடையும் விரட்டியும் கட்டாயம், படித்தேன் என்று ஒரு மாணவர் கையெழுத்திட்டால், எச்சரித்தோம் என்பதற்கு அதுவே சான்று. கையெழுத்திடும் நேரத்திலேயே மாணவருக்குப் பயனும் கிடைத்துவிடுகிறது.

பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு பொருந்தும்

ஹாட்ச்கிஸ் தீர்ப்பை அப்படியே பல்கலைக்கழகத்தின் மேல் தூக்கி வைக்கக் கூடாது. அது வயது வராதவர்களைப் பற்றியது, ஒரு மாநிலத்தின் சட்டம். 18 தாண்டிய மாணவர் தன் முடிவைத் தானே எடுப்பவர் என்றே அமெரிக்க நீதிமன்றங்கள் பெரும்பாலும் தொடங்குகின்றன. ஆனால் அந்தத் தொடக்கப் புள்ளி நகர்ந்துகொண்டிருக்கிறது. கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2018இல், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாக ஆய்வகத்தில் சக மாணவர் கத்தியால் குத்திய வழக்கில், பாடத்திட்டம் சார்ந்த செயல்களில் பல்கலைக்கழகத்துக்கும் மாணவருக்கும் சிறப்பு உறவு, அதாவது காக்கும் கடமையைத் தரும் உறவு, உண்டு என்றது. மதிப்பெண் தரும் வெளிநாட்டுப் படிப்பு பாடத்திட்டம் சார்ந்தது இல்லை என்று வாதிடுவது இனிக் கடினம்.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் மெக்சிகோ வழக்கு இதற்கு மறுபக்கம். குவெர்னவாக்கா நகரில் ஸ்பானியம் படிக்கப் போன மாணவியை டாக்சி ஓட்டுநர் தாக்கினார். மாணவர்களை வகுப்பிலிருந்து தொலைவில் உள்ள வீடுகளில் தங்கவைத்ததும், போக்குவரத்து ஏற்பாடு செய்யாததும் தவறு என்பது வழக்கு. 1999இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் பல்கலைக்கழகம் பக்கம் நின்றது. அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் கொள்கை முடிவுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்தது. அதோடு, தெருவில் டாக்சி பிடிப்பது பற்றியும் இரவில் பெண்கள் தனியே போவது பற்றியும் பல்கலைக்கழகம் முன்பே எச்சரித்திருந்தது. அந்தத் திட்டத்தில் முன்பு இப்படி நடந்ததாகப் பதிவும் இல்லை. தனியார் நிறுவனத்துக்கு முதல் கவசமான சட்டப் பாதுகாப்பு கிடையாது. இரண்டாவதான எச்சரிக்கையை யாரும் செய்துவைக்கலாம்.

பென்சில்வேனியாவின் தீல் கல்லூரி வழக்கு இன்னும் வேதனையானது. பெரு நாட்டில் மாணவி ஒருவர் நோயுற்று குஸ்கோ நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். உடன் வந்த பேராசிரியர்கள் அனைவரும் மற்ற மாணவர்களுடன் அடுத்த ஊருக்குக் கிளம்பினார்கள். மொழிபெயர்க்க மிஷனரி ஒருவரை மட்டும் விட்டுப் போனார்கள். அங்கே மாணவிக்குத் தேவையற்ற அறுவை சிகிச்சை நடந்தது என்பதும், பாலியல் வன்முறைக்கு ஆளானார் என்பதும் வழக்கு. தேவையான சிகிச்சைக்கு ஆசிரியரே ஏற்பாடு செய்வார் என்று கல்லூரி தன் படிவத்தில் எழுதியிருந்தது. 2001இல் நீதிமன்றம் அந்த வரியைப் பிடித்துக்கொண்டது. சிறப்பு உறவு இங்கே உண்டு, விலக்குப் பத்திரம் கல்லூரியைக் காக்காது என்றது. படிவத்தில் எழுதும் வாக்குறுதி அலங்காரத்துக்கு இல்லை. எழுதினால் நிறைவேற்ற ஆள் வேண்டும்.

இந்தியாவிலும் கடமை புதிதன்று. பஞ்சாப் பள்ளி ஒன்றின் சுற்றுலாவில் 1995இல் பியாஸ் ஆற்றில் 14 மாணவர்கள் மூழ்கிய வழக்கில், தலைக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2001இல் உறுதி செய்தது. பிள்ளைகளை அழைத்துப்போகும் ஆசிரியரிடம் எதிர்பார்க்கும் கவனம் கூடுதலானது என்பதே அங்கும் அடிப்படை.

நிரலை வரி வரியாக எழுதுவது

நாட்டளவில் ஆபத்து மதிப்பீடு எழுதுவதில் பயன் குறைவு. சீனா பாதுகாப்பான நாடா என்ற கேள்விக்கான பதில் பான்ஷான் காட்டைத் தொடாது. பயண நிரலின் ஒவ்வொரு வரிக்கும் தனியாக எழுத வேண்டும். நிலம் எப்படிப்பட்டது, அங்கே என்ன செய்யப் போகிறோம், எந்தப் பருவம், எதில் போகிறோம், பக்கத்து மருத்துவமனை எது, அங்கே ஆங்கிலம் பேசுவார்களா, எச்சரிக்கையை யார் எப்போது சொல்வார்.

பான்ஷான் வரி இப்படி அமைந்திருக்கலாம். காட்டு மலை, முதன்மைப் பாதை தளம், கிளைகள் மண். ஜூன், உண்ணிகள் நடமாடும் மாதம். பூச்சிவழி நோய்கள் உண்டு. முழுக்கை, முழுக்கால் உடை. இல்லாதவர் பேருந்திலிருந்து இறங்கக் கூடாது. முந்தின இரவு ஒரு முறை, பேருந்து நின்றதும் ஒரு முறை அறிவிப்பு, அறிவிப்பவர் பெயர். விரட்டிப் புட்டி 10 பேருக்கு 2 வீதம், ஆசிரியர் பையில். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு ஆசிரியர் முன்னே, ஒருவர் கடைசியில். ரோப் காரில் இறங்குவதா, நடப்பதா என்று குழு பிரிந்தால் ஆசிரியரும் பிரிவார்; ஆசிரியர் போதாதென்றால் எல்லோரும் ஒரே வழி. இத்தனையும் அரைப் பக்கத்தில் அடங்கும்.

இணைப்புப் பிழைக்கு மருந்து எளிது. மடலை எழுதியவர் அல்லாத இன்னொருவருக்கு முதலில் அனுப்பி, அவர் ஒவ்வொரு இணைப்பையும் சொடுக்கி, திறந்த பக்கத்தின் தலைப்பை எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். இணைப்பை மட்டும் அனுப்பாமல் அந்தப் பக்கத்தையே தேதியோடு பிடிஎஃப் ஆக்கி மடலில் சேர்க்க வேண்டும். இணையப் பக்கம் மாறும், சேர்த்த தாள் மாறாது. வழக்கு வந்தால் அன்றைக்கு என்ன தெரிந்திருந்தது என்பதற்கும் அதுவே ஆதாரம்.

தடுப்பூசிக் காலக்கெடுவைப் பின்னோக்கி எண்ண வேண்டும். ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு அமெரிக்காவில் போடும் ஊசி 2 தவணை, வழக்கமான இடைவெளி 28 நாள். உண்ணிவழி மூளைக்காய்ச்சல் ஊசி 3 தவணை. பெரியவர்களுக்கு முதல் இரண்டுக்கு இடையே குறைந்தது 14 நாள், மூன்றாவது அதிலிருந்து 5 முதல் 12 மாதத்துக்குள். கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது மாணவரைப் பயண மருத்துவரிடம் அனுப்பினால் பாதி வழிகள் அடைபட்டுவிடும். எட்டு வாரம் முன்பே நிரலின் பிரதியோடு அனுப்புங்கள். சீனா போகிறேன் என்று சொல்லும் மாணவருக்கும், காட்டில் இரண்டு நாள் நடக்கப் போகிறேன் என்று சொல்லும் மாணவருக்கும் மருத்துவர் தரும் ஆலோசனை வேறு.

காய்ச்சல் வந்தபின்

காட்டுக்குப் போய்வந்த நாளிலிருந்து 28 நாள் வரை, 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய எந்தக் காய்ச்சலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பூச்சிக்கடி இருந்தது, எந்த இடம், எந்தத் தேதி என்று எழுதிய சீட்டு கூடவே போக வேண்டும். மருத்துவர் தானாகக் கேட்பார் என்று விடக் கூடாது. காய்ச்சலோடு தடுமாற்றம், குழறல், கடும் தலைவலி சேர்ந்தால் உள்ளூர் சிறு மருத்துவமனையில் காத்திருக்காமல் நரம்பியல் பிரிவு உள்ள இடம். நோயாளியோடு ஓர் ஆசிரியர் தங்கியே ஆக வேண்டும். அதற்காகத்தான் 12 மாணவர் போகும் பயணத்துக்கும் ஆசிரியர் இருவர் வேண்டும் என்று சொல்வது. ஒருவர் மட்டும் போன பயணத்தில் முதல் காய்ச்சலிலேயே ஏதோ ஒரு பக்கம் கைவிடப்படும்.

பெற்றோரிடம் சொல்லலாமா என்று அமெரிக்க அலுவலர்கள் தயங்குவதுண்டு; மாணவர் 18 வயது ஆனவர், கல்விப் பதிவுகளுக்கு அந்தரங்கச் சட்டம் உண்டு. உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ அவசர ஆபத்து என்றால் அதே சட்டத்தில் விலக்கு இருக்கிறது. விலக்கைப் பயன்படுத்த யாருக்கு அதிகாரம் என்பதை முன்பே எழுதிவைக்காவிட்டால், இரவு 2 மணிக்கு யாரும் துணிய மாட்டார்கள்.

காப்பீட்டில் உண்மையில் இடறும் இடம் தொகை அன்று, முன் அனுமதி. மருத்துவ விமானத்தை நிறுவனமோ பெற்றோரோ தாங்களாக அமர்த்திவிட்டால் பெரும்பாலான பாலிசிகள் பணம் திருப்பித் தராது. காப்பீட்டு நிறுவனத்தின் உதவி மையத்தை அழைத்து, அவர்களுடைய மருத்துவர் உள்ளூர் மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டும். ஆகவே முதல் அழைப்பு நோய் உறுதியானபின் போகக் கூடாது. மருத்துவமனை வாசலிலேயே போக வேண்டும். விலக்குப் பட்டியலில் மலையேற்றம், மது, ஏற்கெனவே இருந்த நோய், மனநலச் சிகிச்சை ஆகிய நான்கையும் தேடிப் பார்ப்பது கட்டாயம். அளவுக்கு ஒரு கோல் வேண்டுமென்றால், அமெரிக்கா தன்னிடம் ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் வருகிறவர்களுக்கு வைத்திருக்கும் குறைந்தபட்சத்தைப் பார்க்கலாம்: ஒரு நோய்க்கோ விபத்துக்கோ 1 லட்சம் டாலர், நோயாளியைச் சிகிச்சைக்காக வேறு இடத்துக்குக் கொண்டுசெல்ல 50 ஆயிரம், உடலைச் சொந்த நாட்டுக்குக் கொண்டுசெல்ல 25 ஆயிரம். கண்டம் தாண்டித் தீவிர சிகிச்சையோடு பறக்க நேர்ந்தால் அந்த 50 ஆயிரம் போதாமல் போகலாம். தமிழ்நாட்டிலிருந்து ஜே-1இல் போகும் ஆய்வு மாணவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

நிறுவனத்தின் சொந்தப் பொறுப்புக் காப்பீடு தனி விஷயம். வழக்கமான அமெரிக்கப் பொதுப் பொறுப்புப் பாலிசி வெளிநாட்டில் நடந்த காயத்தை ஏற்க, வழக்கு அமெரிக்க மண்ணில் நடக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறது. நிகழ்வு நடந்த நாட்டிலேயே யாராவது வழக்குப் போட்டால் கை வெறுமையாகும். வெளிநாட்டுப் பொறுப்புக்குத் தனிப் பாலிசி எடுக்க வேண்டும். இடைத்தரகர் வழியாகத் திட்டம் நடத்துகிறவர்கள், அவருடைய பாலிசியில் தங்கள் பெயரும் சேர்க்கப்பட்டதற்கான சான்றைக் கையில் வாங்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம்.

பதிவுகளைப் பற்றி ஒன்று. மலையேறிய 2007 ஜூனிலிருந்து இறுதித் தீர்ப்பு வந்த 2018 பிப்ரவரி வரை 10 ஆண்டும் 8 மாதமும். அதற்குள் ஊழியர் மாறுவர், மின்னஞ்சல் சேவையகம் மாறும். நிரல், அனுப்பிய மடல்கள், சேர்த்த பிடிஎஃப், அறிவிப்பைக் கேட்டவர் வருகைத் தாள், நிகழ்வுக் குறிப்பேடு ஆகியவற்றைப் பயணம் ஒன்றுக்கு ஒரு கோப்பாகக் கட்டிவைக்க வேண்டும். கடும் காயமோ மரணமோ நேர்ந்த பயணத்தின் கோப்பை மூன்றாண்டு, ஐந்தாண்டு என்ற வழக்கமான அழிப்பு விதியிலிருந்து அன்றே விலக்கி, சட்ட அலுவலரின் பொறுப்பில் ஒப்படைக்க வேண்டும்.